பஸ் போர்ட்டில் தொடங்கும் அரிச்சுவடி: மட்டக்களப்பு வீதிச் சிறுவர் வகுப்பு ஒன்றின் மதிப்பீடு

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இருந்து வாவிப் பக்கமாக ஐந்து நிமிடம் நடந்தால், வேப்பமரத்துக்குக் கீழே ஒரு தள்ளுவண்டி நிற்கும். தூரத்தில் பார்த்தால் மரக்கறி வண்டி. கிட்டப் போனால் தராசு இருக்க வேண்டிய இடத்தில் கரும்பலகை, கத்தரிக்காய் இருக்க வேண்டிய இடத்தில் இலக்கம் போட்ட பிளாஸ்ரிக் பெட்டிகள், பக்கத்தில் விரித்த மூன்று பன்பாய். பாடசாலைக்குப் போகாத, அல்லது போய் இடையில் நின்ற பிள்ளைகளுக்காகக் கிழமை நாட்களில் இரண்டு வேளை நடக்கும் வகுப்பு இது. கட்டணம் இல்லை, பதிவுப் படிவம் இல்லை, முதல் கிழமையில் பெயர்கூடக் கேட்பதில்லை.

வகுப்பை நடத்தும் நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. குறைகள் கொஞ்சம் விரிவாகவே வருகின்றன. நாலைந்து தொண்டர்கள் கைக்காசு போட்டு இழுத்துக்கொண்டு போகும் ஒன்றைப் பெயர் சொல்லிக் குத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை. இதைப்போல ஒன்றை ஏறாவூரிலோ கல்முனையிலோ தொடங்க நினைப்பவர்களுக்கும், இப்படியான இடங்களுக்குப் பணமோ பொருளோ கொடுக்க நினைப்பவர்களுக்கும் எழுதியது இது.

பாயில் வந்து குந்தியிருக்கும் தலைகளை எண்ணி இப்படியான வகுப்பை அளக்க முடியாது. இங்கிருந்து பாடசாலைக்குப் போன பிள்ளை மூன்றாம் மாதமும் அங்கே வாங்கில் இருக்கிறதா என்பதுதான் அளவு. அந்த அளவில் பார்த்தால், இந்த நிலையம் கற்பிப்பதில் முதல் வாங்கு. பிள்ளையைப் பாடசாலையிடம் கைமாற்றுவதில் கடைசி வாங்கு.

வீதிச் சிறுவர் என்றதும் கடைப் படியில் படுத்துறங்கும் பிள்ளைதான் கண்ணுக்குள் வரும். இங்கே வருகிறவர்களில் அநேகம் பேருக்கு இராத்திரி போய்ப் படுக்க ஏதோ ஒரு கூரை இருக்கிறது. தாயோ அம்மம்மாவோ இருக்கிறார்கள். ஆனால் பகல் முழுக்கச் சீவியம் தெருவில்: மீன் சந்தையில் தட்டுக் கழுவுகிற பிள்ளை, பஸ்ஸில் ஏறிக் கச்சான் சரை விற்கிற பிள்ளை, பழைய இரும்பும் போத்தலும் பொறுக்குகிற பிள்ளை, பெரியவர்களோடு கோயில் வாசலில் கையேந்துகிற பிள்ளை. ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு 2017இல் வெளியிட்ட 21ஆம் இலக்கப் பொதுக் கருத்துரையும் தெருவில் உறங்குகிறவர்களை மட்டும் அல்லாமல், தெருவோடு சீவியம் பின்னிக் கிடக்கும் எல்லாச் சிறுவர்களையும் சேர்த்தே பேசுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் தொடங்கினால் நேர அட்டவணையிலேயே சறுக்கும்.

நேரத்தைப் பாருங்கள். நல்ல மனதோடு தொடங்கப்படும் வகுப்புகள் வழக்கமாக மாலை 4.30க்குத்தான் ஆரம்பிக்கும், தொண்டர்கள் வேலை முடிந்து வரும் நேரம் அதுதானே. பஸ் நிலையத்தில் வியாபாரம் சூடு பிடிப்பதும் அதே நேரம். கந்தோர் விட்டு, ரியூசன் விட்டு சனம் கூடும்போது கச்சான் கூடையை வைத்துவிட்டு ‘அ’ எழுத எந்தப் பிள்ளை வரும்? வந்தாலும் வீட்டில் அடி விழும். இங்கே இரண்டு வேளை: மீன் சந்தைப் பிள்ளைகளுக்குக் காலை 10.30 தொடக்கம் 11.45 வரை, பஸ் நிலையப் பிள்ளைகளுக்குப் பிற்பகல் 2.30 தொடக்கம் 3.45 வரை. சந்தை ஓய்கிற நேரம் முதலாவது, வெயில் கொளுத்தி பஸ் காலியாக நிற்கிற நேரம் இரண்டாவது. இதை யார் யோசித்தார்களோ, அவர்களுக்குத் தெரு தெரிந்திருக்கிறது.

75 நிமிடத்தையும் பிரித்திருக்கும் விதம் நல்லது. கைகால் கழுவிப் பிளேன்ரீ குடிக்க 10, வாசிப்பு 25, கணக்கு 15, தின்பண்டம் 10, கடைசி 15 நிமிடம் ரீச்சர் கதை வாசிக்கப் பிள்ளைகள் கேட்பது. தின்பண்டத்தை முதலில் கொடுத்தால் தின்றுவிட்டு ஓடுவார்கள். முடிவில் கொடுத்தால் பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பலகையில் எழுதியது மண்டையில் ஏறாது. ஆகவே வந்தவுடன் சீனி போட்ட தேத்தண்ணி, ஐம்பதாவது நிமிடத்தில் அவித்த கடலை. ஒரு கிலோ காய்ந்த கடலை இராத்திரி ஊறி அவிந்தால் இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும், 20 பிள்ளைக்குத் தலைக்கு 100 கிராம். பணிஸைவிட மலிவு, வயிற்றிலும் நிற்கும். அதற்குப் பிறகும் கதை நேரம் இருப்பதால் யாரும் எழும்புவதில்லை. கதையைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், பழைய வித்தைதான். மறுநாள் முதல் கேள்வி, “ரீச்சர், அந்த நரி தப்பிச்சிதா?”

இனி வாசிப்பு. இந்த நிலையத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம்: மொத்தம் 247. பத்து வயதில் முதல் தடவை பென்சில் பிடிக்கும் பிள்ளையை ‘அ’வில் தொடங்கி வரிசையாகக் கூட்டிப்போனால், முதல் சொல்லைத் தானாக வாசிப்பதற்குள் மாதக்கணக்கு ஓடிவிடும். அவ்வளவு பொறுமை தெருவில் இல்லை. அதோடு ‘அ’ எழுத மிகச் சிக்கலான எழுத்துகளில் ஒன்று. இங்கே முதல் நாள் ட, ப, ம. மூன்றும் நேர்கோடும் மூலையும்தான். ‘ம’வில் மட்டும் ஒரு வளைவு. இரண்டாம் நாள் புள்ளி. மூன்றாம் நாள் அரவு, அதாவது ‘ா’. இவ்வளவோடு படம், மடம், மட்டம், பட்டம், பாடம், மாமா என்று ஆறு சொல் வந்துவிடுகிறது. முதல் கிழமை முடியுமுன் பிள்ளை ஒரு முழுச் சொல்லைத் தன் வாயால் வாசித்துவிடுகிறது. அடுத்த கிழமை அது திரும்பி வருவதற்கு அதுதான் காரணம், கடலை இரண்டாவது காரணம்.

மூன்றாம் கிழமை தொடக்கம் பஸ் போர்ட். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிய ஊர்ப் பெயர்கள். பிள்ளைகள் இந்த பஸ்களை நிறத்தாலும் கொண்டக்டர் கத்துகிற கத்தலாலும் அடையாளம் காண்கிறவர்கள், போர்ட்டைப் பார்த்தது இல்லை. கல்முனை நாலு எழுத்து. களுவாஞ்சிக்குடி எட்டு எழுத்து. இரண்டும் ‘க’வில் தொடங்கும். இரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, ‘க’வை மட்டும் காட்டி, எந்த பஸ் என்று கேட்கிறார் ரீச்சர். அட்டை மெல்ல மெல்ல விலகுகிறது. இரண்டாம் எழுத்தின் வால் தெரிந்ததும் ஒரு பொடியன் கத்துகிறான்: “களுவாஞ்சிக்குடி!”

“எப்பிடி மனே கண்டுபிடிச்ச?”

“கல்முனைக்கு மேல குத்து இரிக்கி ரீச்சர். இதுல இல்ல.”

‘ல்’லின் தலையில் இருக்கும் புள்ளியைத்தான் குத்து என்கிறான். எழுத்தையும் புள்ளியையும் பார்த்து ஊரைப் பிரிக்கிறான் என்றால் வாசிக்கத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம்.

போர்ட்டுகளைத் தெரிவு செய்த கை அனுபவப்பட்ட கை. தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும் வருத்தும் ல, ள, ழ மூன்றும் கல்முனை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை என்று மூன்று பஸ்ஸில் ஓடுகின்றன. அக்கரைப்பற்று ஒன்றிலேயே ‘ர’வும் ‘ற’வும் இருக்கின்றன. ‘ந’வுக்கு நிந்தவூர், ‘ண’வுக்குத் திருகோணமலை. பொத்துவில்லில்தான் எல்லோரும் விழுவார்கள்: ‘பொ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ‘ப’. பிள்ளை இடமிருந்து வலம் ஒவ்வொன்றாக உடைத்து வாசிக்கப் பார்க்கும். இதற்கு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வெட்டிய மட்டைத் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். ‘ப’வைத் தரையில் வைத்து இரண்டு பக்கமும் துண்டுகளைப் பூட்டிக் கழற்றிப் பத்துத் தடவை விளையாடினால் சரி. கரும்பலகையில் நூறு தடவை விளங்கப்படுத்தினாலும் வராதது இதில் வருகிறது.

குழு பிரிப்பது வயதால் அல்ல, வாசிப்பு நிலையால்: எழுத்தும் தெரியாதவர், எழுத்து, சொல், பந்தி, கதை என்று ஐந்து படி. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பினர் 2005 தொடக்கம் அசர் என்ற கல்வி நிலைக் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் அதே படிகள்தான். ஒரு தாளில் சோதிக்கலாம், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். மாத முடிவில் திரும்பச் சோதித்து ஆளை மேலே தூக்குகிறார்கள். இதில் ஒரு பொறி உண்டு. 13 வயதுப் பொடியனும் 7 வயதுச் சின்னவளும் ஒரே படியில் வந்தால், பெரியவன் வெட்கத்தில் இரண்டாம் நாளே நின்றுவிடுவான். ஆகவே எழுத்துப் படியில் இருக்கும் பெரிய பிள்ளைகளுக்குத் தனிப் பாய். அவர்களுக்கு ‘ஆடு, இலை’ படப் புத்தகம் கொடுப்பதில்லை. பஸ் போர்ட், ரெலிபோன் ரீலோட் கார்ட், மருந்துப் பெட்டி, சீமெந்துப் பை.

கணக்கில் கதை தலைகீழ். இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும், எழுதத் தெரியாது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்து 1985இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கல்வித்துறையில் பெயர்போனது. விற்கிற இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. வேப்பமரத்தடியிலும் அதுவேதான் நடக்கிறது. ஒரு சரை 70 ரூபா, நாலு சரை வாங்கி 500 ரூபாத் தாள் தந்தால் மிச்சம்? “220” என்று கேள்வி முடியுமுன் பதில் வரும். கொப்பியில் 500இல் இருந்து 280ஐக் கழிக்கச் சொன்னால் 380 என்று எழுதும். பூச்சியத்தில் இருந்து எட்டைக் கழிக்க முடியாது என்று கண்டு, எட்டில் இருந்து பூச்சியத்தைக் கழித்து வைத்திருக்கிறது. பாடசாலையில் இதற்குச் சிவப்புப் பேனா. இங்கே ரீச்சர் கேட்பது, “220 எப்பிடி வந்திச்சு?” 280க்கு 20 போட்டால் 300, இன்னும் 200 போட்டால் 500 என்று பிள்ளை சொல்ல, அதையே பலகையில் படியாக எழுதுகிறார். பிள்ளையின் மண்டைக்குள் இருந்த கணக்கு பலகைக்கு வந்துவிட்டது. கடன் வாங்கிக் கழிப்பது அதற்குப் பிறகு. சதுரக் கோட்டுக் கொப்பி கொடுத்ததால் ஒன்று, பத்து, நூறு கோணாமல் ஒன்றின்கீழ் ஒன்று நிற்கின்றன. சின்ன விஷயம்தான், ஆனால் பிழைகளில் பாதி எண்கள் சரிந்து போவதால் வருவது.

வண்டியைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்துச் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பிலிப்பைன்ஸில் கவிதே நகரத்துத் தள்ளுவண்டி வகுப்புகள் உலகத்துக்கே தெரிந்தவை. அவற்றை நடத்திய எஃப்ரென் பெனாஃப்ளோரிடாவுக்கு 2009இல் சி.என்.என். நாயகர் விருதும் கிடைத்தது. இங்கே உள்ளது அதன் ஏழைத் தம்பி. நாலுக்கு மூன்று அடியில் இரண்டு பலகை, பிணைச்சல் போட்டுப் புத்தகம்போல விரியும். முதலில் 6 மில்லி பிளைவூட் போட்டார்களாம், வாவிக் காற்றின் ஈரத்தில் அப்பளம்போல வளைந்துவிட்டது. இப்போது 12 மில்லி, ஓரங்களுக்கும் பெயின்ற் பூசியிருக்கிறார்கள். ஓரம் பூசாவிட்டால் தண்ணீர் அதற்குள்ளால்தான் ஏறும். சின்னச் சில்லு மணலில் புதைந்ததால் சைக்கிள் சில்லு மாற்றியாகிவிட்டது. பிற்பகல் காற்றுக்கு அட்டைகள் பறக்கும். துணி காயப்போடும் கிளிப் ஒரு டசின் வண்டியில் கட்டித் தொங்குகிறது. மேற்கூரை மட்டும் இன்னும் சரியில்லை, படங்குச் சீலையை மரத்தில் கட்டி ஒப்பேற்றுகிறார்கள்.

இலக்கம் போட்ட பெட்டிதான் இந்த வண்டியின் கெட்டித்தனம். கொப்பியை வீட்டுக்குக் கொடுத்தால் மழையில் நனையும், இல்லையென்றால் சரை சுற்றப் போகும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் மூடியுள்ள ஒரு பெட்டி: உள்ளே கொப்பி, அரைப் பென்சில், அழிறப்பர், இரண்டு அட்டை. பிள்ளை வராவிட்டாலும் ஒரு தவணை முடியும்வரை அந்தப் பெட்டியை வேறு ஒருவருக்கும் கொடுப்பதில்லை. தனக்கென்று பூட்டி வைக்க எதுவுமே இல்லாத பிள்ளை, இரண்டு மாதம் கழித்து வந்து 9ஆம் இலக்கப் பெட்டியைத் திறந்து, தான் விட்ட இடத்திலேயே கொப்பி நிற்பதைப் பார்க்கிறது. நாளைக்கும் தனக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது என்று அதுக்கு யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை.

இனிக் குறைகள்.

முதலாவது, பத்திரம். இலங்கையில் 1945 தொடக்கம் கல்வி இலவசம், 1980 தொடக்கம் பாடநூல் இலவசம், 1993 தொடக்கம் சீருடைத் துணி இலவசம். கட்டாயக் கல்வி 1998இல் 5 தொடக்கம் 14 வயதுவரை நடைமுறைக்கு வந்து, 2016இல் 16 வயதாக நீட்டப்பட்டது. சட்டத்தில் கதவு அகலத் திறந்துதான் இருக்கிறது. படியில் தடக்குவது பிறப்புச் சான்றிதழ். இந்த நிலையத்தில் அதற்கென்று ஆள் இல்லை, “ஜி.எஸ்.ஸிட்ட போய்க் கேளுங்க” என்று தாயைக் கிராம உத்தியோகத்தரிடம் அனுப்பிவிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒரு கந்தோரில் இருந்து இன்னொரு கந்தோருக்கு மூன்று தடவை அலைந்து, மூன்று நாள் உழைப்பும் போய், நாலாம் தடவை போகமாட்டார்.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல, ஒழுங்கு தெரிந்தால் போதும். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு பெரும்பாலும் எங்கோ இருக்கும். பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் தேடுவதற்கு விண்ணப்பித்துப் பிரதி எடுப்பதுதான் வேலை. தாய் சொல்லும் பெயரும் ஆஸ்பத்திரியில் கொடுத்த பெயரும் ஒன்றாக இருக்காது, திகதியும் ஒரு கிழமை முன்பின் இருக்கும். ஆகவே தாயின் பெயரை வைத்துத் தேடச் சொல்ல வேண்டும். பதிவே இல்லை, பிறந்து மூன்று மாதமும் எப்போதோ கடந்துவிட்டது என்றால் காலங்கடந்த பதிவு. அதற்குத் தடுப்பூசி போட்ட கிளினிக் கார்ட், பெற்றோரின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் இருந்தால் அது, ஞானஸ்நானப் பத்திரம் போன்றவை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், சத்தியக்கடதாசி. இவற்றில் எது கையில் இருக்கிறதோ அதை முதலில் ஒரு கவரில் போட்டு, மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதுவுமே தேறாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். குடும்பம் இடம் மாறி வந்திருந்தால் இப்போதைய கிராம உத்தியோகத்தருக்கு ஆளைத் தெரியாது, கடிதம் கொடுக்கத் தயங்குவார். அங்கே பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைத்தான் பிடிக்க வேண்டும். கிழமையில் ஒரு முற்பகல் தாயோடு கூடப் போக ஒருவர் இருந்தால் இந்த நிலையத்தின் மதிப்பு இரட்டிப்பாகும். ஆனால் கற்பிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. வரிசையில் நிற்க ஆள் இல்லை.

இரண்டாவது குறை இதைவிட நுட்பமானது. பாடசாலையில் சேர்ந்த பிள்ளை பாடசாலைக்குக் கள்ளம் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வருகிறது. ஏன் வராது? இங்கே ஏச்சு இல்லை, கடலை இருக்கிறது, தன் பெட்டி இருக்கிறது. அங்கே வயதுக்கேற்ற வகுப்பென்று 11 வயதுப் பிள்ளையைத் தரம் 6இல் இருத்தியிருக்கிறார்கள், வாசிப்போ தரம் 2 அளவில். தொண்டர்களும் பாசத்தில் “வா மனே” என்று பாயில் இடம் கொடுத்துவிடுகிறார்கள். இப்படி நல்ல வகுப்பே பாடசாலைக்குப் போட்டியாகிவிடுகிறது. காலை வேளையில் பாடசாலைப் பிள்ளையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். பிற்பகல் வேளையை, பாடசாலை 1.30க்கு விட்டபின் வருகிறவர்களுக்கு வீட்டுப்பாட நேரமாகத் திறக்க வேண்டும். இரக்கம் பார்த்தால் பிள்ளை இரண்டு தோணியிலும் கால் வைத்துத் தண்ணீரில் விழும்.

சேர்த்தபின் பின்தொடர்வதும் அரைகுறை. முதல் நாள் சீருடையோடு கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள், அந்தக் கிழமை முழுக்க விசாரிக்கிறார்கள், பிறகு விட்டுவிடுகிறார்கள். பிள்ளை நிற்பது பெரும்பாலும் மூன்றாம் நாலாம் கிழமையில். சப்பாத்தின் அடி கழன்றிருக்கும், இடைவேளைக்குச் சாப்பாடு இருக்காது, சகபாடி ஒருவன் “பஸ் ஸ்டாண்ட்” என்று பட்டம் வைத்திருப்பான். இதில் எதையும் பிள்ளை வந்து சொல்லாது, சும்மா நின்றுவிடும். மூன்றாம் நாள், பத்தாம் நாள், பிறகு ஒரு மாதம், மூன்று மாதம் என்று வகுப்பாசிரியருக்கு ஒரு ரெலிபோன் எடுத்தாலே இதில் பாதியைப் பிடிக்கலாம். வரவு இடாப்பில் தொடர்ந்து மூன்று நாள் வெட்டு விழுந்தால் அன்றைக்கே தகவல் தரும்படி வகுப்பாசிரியரோடு பேசி வைத்தால் இன்னும் நல்லது.

பாதுகாப்பில் கலப்பு. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள், யாரும் தனியாகப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றுவதில்லை, இவை சரி. வண்டியின் பக்கத்தில் 1929 என்று ஒரு அடி உயரத்தில் எழுதியிருக்கிறார்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அவசர இலக்கம். நாலு இலக்க எண்ணை வாசிக்கும் பாடம் அதிலேதான் தொடங்குகிறது, பழைய போன் ஒன்றில் அழுத்திப் பழகவும் வைக்கிறார்கள். (கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகள் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியதும் 1929இல்தான். தற்செயல், ஆனால் மட்டக்களப்பில் இந்த எண் மறக்காது.) குறை எங்கே என்றால் படம் பிடிப்பதில். உதவி கொடுக்க வருகிறவர்கள் பிள்ளை கையில் கொப்பியைக் கொடுத்துக்கொண்டே செல்பி எடுக்கிறார்கள், அடுத்த நாள் பேஸ்புக்கில். அந்தப் படம் சகபாடியின் தாயின் போனிலும் வரும், பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி முகத்தைக் காட்டும்? இதை நிலையம் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். உதவி குறைந்தாலும் பரவாயில்லை.

காலநிலை பற்றி ஒரு சொல். வடகீழ்ப் பருவ மழை நவம்பரில் பிடித்தால் தைவரை மரத்தடியில் வகுப்பு இல்லை. பக்கத்து மண்டபத்து விறாந்தைக்கு மாறுகிறார்கள், அதன் திறப்பு இன்னொருவர் கையில், பாதி நாள் அவர் ஊரில் இல்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் திருவிழா பத்து நாளும் பாய் காலி, பிள்ளைகள் அங்கே விற்கப் போய்விடுவார்கள். மாசி பங்குனியில் பெரும்போக அறுவடைக்குக் குடும்பத்தோடு வயற்கண்டத்து வாடிக்குப் போகிறவர்களும் உண்டு. இதற்காக நாலு அட்டையும் ஒரு சின்னக் கொப்பியும் சிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பாதி திரும்பி வராது என்றாலும் கொடுப்பது சரி.

அம்பாறைப் பக்கம் தொடங்க நினைப்பவர்கள் இந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அக்கரைப்பற்றை அண்டிய அளிக்கம்பையில் வனக்குறவர் குடும்பங்களின் வீட்டுப் பேச்சு தெலுங்கு. வீட்டின் படத்தைக் காட்டினால் ‘இல்லு’ என்று பதில் வரலாம். அது பிழை இல்லை, தெலுங்கில் வீடு இல்லுதான், நம்முடைய பழந்தமிழிலும் ‘இல்’ என்றால் வீடுதானே. அந்தப் பின்னணியில் இருந்து வரும் பிள்ளைக்கு ட, ப, மவுக்கு முன் வாய்த் தமிழுக்குச் சில கிழமை ஒதுக்க வேண்டும். விளங்காத சொல்லை எழுத்துக்கூட்டினால் அது வாசிப்பு அல்ல. அந்த ஊர்ப் பெரிய பிள்ளை ஒருவரையே துணை ஆசிரியராக வைத்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டத்தைக் காட்டி வெருட்டுவது எங்கேயும் வேலைக்காகாது. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14இல் இருந்து 16ஆக உயர்ந்தது நல்லதுதான், ஆனால் பொலிஸ் வந்து போனால் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதில்லை, அடுத்த ஊர் பஸ் நிலையத்துக்குப் போகிறார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. கற்பித்தலுக்கு மட்டும் என்றால் நாலரை கொடுக்கலாம், பத்திரத்துக்கும் பின்தொடர்தலுக்கும் ஒன்றரைக்கு மேல் மனம் வரவில்லை.

கொடுக்க விரும்புகிறவர்கள் பென்சிலும் கலர் பெட்டியும் கொண்டுபோக வேண்டாம், அலுமாரி நிறைய இருக்கிறது. இல்லாதது சப்பாத்து: வெள்ளைக் கன்வஸ், முன்கூட்டி அளவு கேட்டு, ஓர் அளவு பெரிதாக. சான்றிதழ் பிரதிக்கும் சத்தியக்கடதாசிக்கும் ஆகும் செலவை ஒரு கவரில் போட்டு அதற்கென்றே கொடுக்கலாம். காசில்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை முற்பகல் ஒன்றை. ஒரு தாயோடு கந்தோர் வரிசையில் நிற்கலாம்.

போய்ப் பார்ப்பதாக இருந்தால் 2.30க்கு முதல் போங்கள், நடுவில் போனால் பாடம் குழம்பும். போனைப் பையிலேயே வையுங்கள். செருப்பைப் பாய்க்கு வெளியே கழற்ற வேண்டும். திரும்பி வரும்போது உங்கள் செருப்புக்குள் ஒரு சின்னக் கால் நின்று அளவு பார்த்துக்கொண்டிருக்கும், அவசரப்படுத்த வேண்டாம், தானாகத் தரும்.